பத்தொன்பது தீப்பெட்டி

மனைவிக்கு மறதி வந்துவிட்டது என்று சவரியப்பன் முடிவுகட்டியது, அரிசி டின்னுக்குப் பின்னால் அந்தத் தீப்பெட்டிகளைப் பார்த்த அன்றுதான். எண்ணினார். பத்தொன்பது. ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. காஸ் அடுப்பை லைட்டரால் பற்றவைக்கிற வீட்டில் இத்தனை தீப்பெட்டி எதற்கு?

அதற்கு முன்பே அவருக்குச் சந்தேகம்தான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் பாயில் சாய்கிற நேரம் பார்த்து அருள்மேரிக்குக் கடை ஞாபகம் வரும். "தீப்பெட்டி இல்ல, பாய் கடைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்பாள். ராத்திரிச் சாப்பாடு முடிந்தால் கறிவேப்பிலை இருக்காது. ஹாஜா மைதீன் கடை தெருவின் அந்தக் கோடியில், வாய்க்கால் மதகை ஒட்டி இருந்தது. போய்வரக் கால்மணி நேரம் ஆகும்.

ஆறு ஏக்கர் சம்பா சாகுபடியை ஒரு துண்டுச் சீட்டில்கூடக் குறித்துக்கொள்ளாமல் மனசிலேயே நடத்துகிறவர் சவரியப்பன். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அப்பேர்ப்பட்டவர் வீட்டில் ஒரு தீப்பெட்டி விஷயம் இப்படிக் குளறுபடியானால் பொறுப்பாரா? மொபெட்டை எடுத்துக்கொண்டு குடவாசல் போனார். உப்பிலிருந்து மெழுகுவத்தி வரைக்கும் ஒரு சாக்கு நிறைய வாங்கிவந்து போட்டார். கறிவேப்பிலையைக் கட்டுக்கட்டாகப் பிரிட்ஜில் அடுக்கினார்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. கடைக்குப் போய், "பாய், இனிமே அவ வந்தா ஒண்ணும் குடுக்காதீங்க. மறதி. வீட்ல எல்லாம் கெடக்கு" என்று சொல்லிவிட்டு வந்தார். திருப்பூரில் இருக்கும் மகள் லின்சியிடம், "ஒங்கம்மாவுக்கு மறதி முத்திப்போச்சு" என்று போனில் சத்தமாகவே சொன்னார். அருள்மேரி அடுப்படியில்தான் இருந்தாள்.

அவள் அன்றிலிருந்து சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். வீடு ஒழுங்குக்கு வந்துவிட்டதென்று சவரியப்பன் நிம்மதியாகக் குறட்டை விட்டார். மூன்று மாதம் விட்டார்.

ஆவணியில் ஒருநாள் அருள்மேரிக்குத் தலைசுற்றியது. வழக்கமாக மினிபஸ்ஸில் தானே டாக்டரிடம் போய்வருகிறவளை, இந்தத் தடவை அவர் மொபெட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். டாக்டரம்மா பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வைகாசில வந்தப்ப, சாப்பிட்டப்புறம் எடுத்ததுல சர்க்கரை நூத்தி அறுபது. இப்ப இருநூத்தித் தொண்ணூறு. நல்லா நடந்துட்டு இருந்தீங்களேம்மா, ஏன் விட்டீங்க?"

"மறந்துட்டேன் டாக்டர்" என்றாள் அருள்மேரி.

டாக்டர் சவரியப்பன் பக்கம் திரும்பினார். "சாப்பிட்டதும் பத்துப் பதினஞ்சு நிமிஷம் மெல்ல நடந்தாப் போதும் சார். ஓடவேணாம், வேர்க்கவேணாம். சோத்தால ஏறுற சர்க்கரைய அந்த நடையே கொஞ்சம் எடுத்துக்கும். இப்ப மாத்திரையக் கூட்டித் தர்றேன். அடுத்த மாசமும் எறங்கலேன்னா ஊசி போடவேண்டியிருக்கும்."

பத்தொன்பது தீப்பெட்டியும் வரிசையாகச் சவரியப்பன் கண்முன்னால் வந்து நின்றன. மறதியாவது ஒன்றாவது. அவள் தினமும் நடந்திருக்கிறாள். அதைத்தான் அவர் மெனக்கெட்டு, பெட்ரோல் போட்டுக் குடவாசல் வரைக்கும் போய் நிறுத்திவைத்திருக்கிறார்.

திரும்பும் வழியில் ஆற்றுப்பாலத்தில் வண்டியை ஓரங்கட்டினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன்" என்றாள் அவள். "பங்குனில. எதுத்த வீட்டு கோவிந்தராசு அண்ணன் நம்ம வீட்ல டீ குடிச்சிட்டு இருந்தாரு. சாப்புட்டா நடக்கணுமாம், நீங்களும் கூட வாங்கன்னு கேட்டேன்."

அவருக்கு நினைவு வந்தது. வராமலிருந்தால் தேவலை. 'சோத்தைத் தின்னுட்டுத் தெருவ அளக்குறதுக்கு நீ என்ன ரிட்டயர்டு ஆபீசரா?' என்று அவர்தான் கேட்டார். கோவிந்தராசுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

"அப்புறம் ஒரு வாரம் தெருவுல எல்லாரும் என்னை ஆபீசரம்மான்னுதான் கூப்புட்டாங்க" என்றாள். "கைய வீசிட்டுப் போனா எங்க போறேன்னு வாசலுக்கு வாசல் கேக்குறாங்க. தீப்பெட்டி வாங்கன்னு சொன்னா யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். டாக்டர் முன்னால் அவள் புருஷனைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. அவர் சூட்டிய அந்த மறதியையே எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் சோறு இறங்கவில்லை. பாதியில் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "கெளம்பு, நடப்போம்" என்றார். அருள்மேரி ஆணியிலிருந்து வயர்கூடையை எடுத்தாள்.

"கூடை எதுக்கு?"

"யாராவது கேப்பாங்க."

அதை வாங்கித் திரும்ப ஆணியிலேயே மாட்டினார். வானம் மூடிக்கொண்டு வெயில் இல்லாமல் இருந்தது. கோவிந்தராசு தன் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்ன சவரி, ரெண்டு பேரும் எங்க கெளம்பிட்டீங்க?"

"தீப்பெட்டி..." என்று அருள்மேரி வாயெடுத்தாள்.

"தீப்பெட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார் சவரியப்பன். "இவளுக்குச் சர்க்கரை ஏறிக்கெடக்கு அண்ணே. சாப்புட்டா நடக்கணும். நடந்துட்டுதான் இருந்தா. நான்தான் மறதின்னு சொல்லி நிறுத்தித் தொலைச்சேன்."

கோவிந்தராசு இந்தத் தடவை சிரிக்கவில்லை. அவர்கள் இருவரும் நடந்தார்கள். பாதித் தெருவில், அடிபம்பு அருகே அருள்மேரி நின்றுவிட்டாள். பம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். தினம் இரண்டு வேளை மதகு வரைக்கும் போய்வந்தவள். சவரியப்பன் அவள் கையைப் பிடிக்கப் போய், பிடிக்கலாமா என்று தெரியாமல் பக்கத்திலேயே நின்றார்.

"இன்னைக்கு இது போதும்" என்றார். "நாளைக்குப் பாய் கடை வரைக்கும் போவோம்."

அருள்மேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போயி? பாய்தான் எனக்கு ஒண்ணும் குடுக்கமாட்டாரே" என்றாள்.