ரைட்டுன்னா போலாம்

சில்லறைத் தகராறில் பயணி ஒருவனின் பல்லை உடைத்ததற்காகப் பேருந்து ஓட்டுநரைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். வீட்டிலேயே கிடந்தால் யாரைக் கடித்துக் குதறுவானோ என்று பயந்துதான், காட்டைச் சுற்றிப் பார்க்கலாம் என்று அவன் சொன்னபோது மனைவி தலையாட்டினாள். வாடகை ஜீப்பை அவனே ஓட்டினான். மழை விட்டபாடில்லை.

"இந்த மழையில ஒரு பய வரமாட்டான். காடு மொத்தமும் நமக்குத்தான்."

மகள் யானை பார்க்கும் ஆசையில் தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டியிருந்தாள்.

முதல் நாள், மண்பாதையில் வலப்பக்கம் ஒரு கிளை பிரிந்த இடத்தில் மனைவி வரைபடத்தைப் பார்த்து, "ரைட்டுங்க" என்றாள். அவன் நேராக விட்டான். ஜீப் அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கியது.

"ரைட்டுன்னு சொன்னேனேங்க."

"ரைட்டுன்னதாலதான்டி நேரா போனேன்." அறை விழுந்தது. "இத்தனை வருஷமா கண்டக்டர் ரைட்டுன்னா வண்டிய எடுக்கறவன் நான். என் காலு என்னைக் கேக்காது, தானா மிதிக்கும். ரைட்டுன்னா போலாம். திருப்பணும்னா வலதுன்னு சொல்லு. எங்க, சொல்லு பாப்போம்."

"வலது."

"உரக்க."

சொன்னாள். வாயில் ரத்தம் கரித்தது. அடி அவளுக்குப் பழகிப்போன சமாசாரம். மகள் மேல் இதுவரை அவன் கை பட்டதில்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் காலம் தள்ளினாள்.

மறுநாள் காலை அதுவும் போயிற்று. விடுதி அறையில் ஈரத்துணியைப் பையில் திணித்துக்கொண்டிருந்த மகள், "ரைட்டுக்கு ரெண்டு அர்த்தம்ப்பா. அம்மா மேல தப்பில்ல" என்றாள். அவன் கையில் இருந்த இரும்பு டார்ச் அவள் காதில் இறங்கியது. ரத்தம் கழுத்தில் வழிந்து தொலைநோக்கியின் வாரை நனைத்தது.

மனைவி துண்டை வைத்து அழுத்தினாள். "கேக்குதாடா கண்ணு?"

"இந்தப் பக்கம் கொய்ங்குதும்மா."

"இன்னொரு காது மிச்சமிருக்கு. வாயக் குறைச்சுக்கச் சொல்லு" என்றான் அவன், பல் தேய்த்துக்கொண்டே.

மதியம், தரைப்பாலத்தின் மேல் முழங்காலளவு செந்நீர் சுழித்து ஓடியது. அவன் ஜீப்பை நிறுத்தினான்.

"இறங்கி முன்னாடி நட. குழி இருக்கான்னு பாரு."

இழுவைக் கயிற்றின் ஒரு முனையை அவள் இடுப்பில் கட்டி, மறுமுனையை ஜீப்பின் முன்கொக்கியில் மாட்டினான். "அடிச்சிட்டுப் போயிட்டீன்னா சோறாக்க யாரு இருக்கா?" தன் பேச்சுக்குத் தானே சிரித்தான்.

"இவளும் வரட்டுங்க. கையப் புடிச்சுக்கிட்டா எனக்குத் தைரியமா இருக்கும்."

"தொலைங்க ரெண்டு பேரும்."

குச்சியால் துழாவித் துழாவி நடந்தாள். பாதிப் பாலத்தில், இடப்பக்கம் குச்சிக்குத் தரையே அகப்படவில்லை. பாலத்தின் அந்தப் பாதி இடிந்து போயிருந்தது. வலது ஓரமாக ஒட்டிக்கொண்டு இருவரும் அக்கரை ஏறினார்கள்.

அவன் ஹாரனை அலறவிட்டுத் தலையை வெளியே நீட்டினான். "என்னடி, சிலை மாதிரி நிக்கற?"

வலது. அந்தச் சொல் நாக்கு நுனியில் இருந்தது. பக்கத்தில் மகள் துண்டைக் காதில் பொத்திக்கொண்டு, நல்ல காதை அம்மா பக்கம் திருப்பி நின்றாள்.

அவள் இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள். ஈரத்தில் இறுகிக் கிடந்ததைப் பல்லால் கடித்து இழுத்தாள். கயிற்றைக் கீழே போட்டாள். பிறகு கையை உயர்த்தி உரக்கச் சொன்னாள்.

"ரைட்."

அவன் கால் அவனைக் கேட்கவில்லை. ஜீப் சீறி வந்தது. பாதிப் பாலத்தில் இடது சக்கரம் இடிந்த பள்ளத்துக்குள் இறங்க, வண்டி புரண்டு விழுந்தது. உள்ளேயிருந்து ஒரு கை கண்ணாடியை அறைந்தது. மறுபடி அறைந்தது. செந்நீர் கூரையை மூடியது. கயிறு அவள் காலடியிலிருந்து சரசரவென்று ஓடி ஆற்றுக்குள் மறைந்தது.

மகள் தண்ணீரிலிருந்து கண்ணை எடுத்து அம்மாவைப் பார்த்தாள்.

"எனக்குக் காது சரியா கேக்கலம்மா. வலதுன்னுதானே சொன்ன?"

"இல்ல. ரைட்டுன்னேன்."

ரத்தம் ஊறிய துண்டைத் திருப்பி, வெளுப்பாக இருந்த பக்கத்தை மகளின் காதில் வைத்து அழுத்தினாள்.