டோஃபு கடைக்கு வந்த குண்டு

கென்சாகு இவாபுச்சி காட்டுப்பன்றியைப் பார்த்துச் சுட்ட குண்டு, எங்கள் குரோமினே நகராட்சியின் வாய்க்கால் பாலத்துக்கு மேலே, ஆள் நெஞ்சுயரத்தில், பல வருஷம் அந்தரத்தில் நின்றது. வாய்க்காலுக்கு அக்கரை மலைச்சரிவு, அங்கே சுடலாம். இக்கரை குடியிருப்பு, இங்கே வேட்டைக் குண்டு பறக்கக் கூடாது என்பது நகராட்சி விதி. கென்சாகு அக்கரையில் நின்றுதான் சுட்டார். பன்றி இக்கரைக்கு ஓடி வந்துவிட்டது, குண்டு எல்லையிலேயே நின்றுவிட்டது. ஊரில் விதியை அந்த அளவுக்கு மதித்தவர்கள் வேறு யாரும் இல்லாததால் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்து அதற்குத் தலைவணங்கச் சொன்னார்கள். மழைக்காலத்தில் அதற்குக் குடை பிடிப்பது யார் பொறுப்பு என்று நகராட்சியில் கூட்டம் போட்டு, தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

குண்டின் முனை நேராகத் தொமியே ஹிராகாவின் டோஃபு கடையைப் பார்த்திருந்தது. சோயாவை அரைத்து, உறைந்த கட்டியை வெட்டி விற்க அவள் நிற்கும் இடம்தான் அதன் வழி. முதலில் பயந்தாள். பிறகு மாமியார் பார்வைக்குப் பழகியதைப் போல இதற்கும் பழகிக்கொண்டாள். இதற்கிடையே பன்றிகள் பெருகின. வள்ளிக்கிழங்கு வயலைக் கிளறின, பள்ளி மைதானத்தில் படுத்துத் தூங்கின. தேர்தல் நெருங்கியதும் நகரத் தலைவர் குசுனோகிக்கு வீரம் வந்தது. இனிக் குடியிருப்புக்குள்ளும் சுடலாம் என்று விதியைத் தளர்த்தப் போவதாக அறிவித்தார். ஊரே கைதட்டியது. தளர்த்திய மறுகணம் அந்தக் குண்டு கிளம்பும் என்பது தொமியேவுக்கு மட்டும்தான் உறைத்தது. நகராட்சிக்கு ஓடினாள்.

"தலைவரே, அந்த விதிய எடுத்தா குண்டு என் நெஞ்சுல வந்து பாயும்!"

"பதறாதீங்கம்மா. பாதிக்கப்படுறவங்களுக்குன்னே ஒரு குழு போட்டிருக்கோம்."

"குழுவுல யார் யாரு?"

"நீங்க மட்டுந்தான்."

கடையை வேறிடத்துக்கு மாற்றச் சொன்னார்கள். கடைக்குள் இருக்கும் கிணற்றுத் தண்ணீர் இல்லாமல் அவள் டோஃபு அந்த ருசிக்கு வராது, அவளுக்கு வேறு பிழைப்பும் தெரியாது. கென்சாகுவைப் பிடித்துக்கொண்டாள்.

"குண்டைத் திருப்பிக் கூப்பிடுங்கண்ணே."

"அது என் பேச்சையா கேக்குது, தொமியே? நகராட்சி பேச்சைத்தான் கேக்குது."

"பன்னிய விட்டுட்டு டோஃபு கடைக்குக் குறி வெச்சவரு! நீங்களும் ஒரு வேட்டைக்காரருன்னு வெளிய சொல்லாதீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு, பொரித்த டோஃபு இரண்டு வாங்கிக்கொண்டு போனார்.

புது விதி நடப்புக்கு வந்த காலையில் தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. தொமியே மட்டும் கடையைத் திறந்து வைத்தாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. குண்டு கிளம்பியது. இத்தனை வருஷம் நின்றதில் வேகம் செத்து, நடைவேகத்தில் வந்தது. நாற்சந்தியில் சிவப்பு விளக்கு எரிந்தது. குறுக்கே ஒரு வண்டிகூட இல்லை, ஆனாலும் குண்டு நின்றது. பச்சை விழுந்த பிறகே நகர்ந்தது. வாசலிலிருந்து அதைப் பார்த்த தொமியே உள்ளே ஓடி, 'இன்று விடுமுறை' என்ற பலகையை எடுத்து வந்து வாசலில் மாட்டினாள். குண்டு வந்தது. பலகைக்கு மூன்று விரல் இடைவெளியில் நின்றது.

இன்றும் அங்கேதான் நிற்கிறது. தளர்த்திய விதியால் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை என்று மேடை மேடையாகச் சொல்லி குசுனோகி ஜெயித்தார். பன்றிகள் எப்போதும்போல உலாவுகின்றன. தொமியே பலகையைக் கழற்றியதே இல்லை, வியாபாரமெல்லாம் பின்வாசலில் நடக்கிறது. வெளியூர்க்காரர் யாராவது பலகையைப் படித்துவிட்டுத் திரும்பினால், உள்ளேயிருந்து அவள் குரல் கொடுப்பாள்: "இன்னிக்கு லீவுதாங்க. பின்பக்கமா வாங்க, சூடா இருக்கு!"