வெறும் கல்லின் படம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு, வெறும் கல்லின் மேல் அந்தக் கயிறு தெரிந்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். கண்ணாடி என்ன பாவம் செய்தது? திரையில் கயிறு அப்படியேதான் இருந்தது. முறுக்கு அதே முறுக்கு, தடிமன் அதே தடிமன். பதினோரு நாளைக்கு முன்னால் தம்பியின் சொட்டில் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்று அழுதாளே, அதற்கு இது கூடப் பிறந்தது.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு டேப்பக்கா என்று பெயர். பட்டம், பதவி, பதினாறு வருஷ அனுபவம் எல்லாம் இருந்தும் ஊர் வாயில் நின்றது இந்தப் பெயர்தான். கிராஃபைட் கட்டியின் மேல்தோலை டேப்பால் உரிப்பது அவள் வேலையின் முதல் படி. பென்சிலுக்குள் இருக்கிற அதே சரக்குதான். இது மட்டும் சுத்தமாக, அடுக்கடுக்காகச் செய்தது, விரல்நகம் அளவு இருக்கும். கூடத்தில் எல்லோரும் அதைக் கல் என்றே சொல்வார்கள். டேப்பை ஒட்டி மெல்ல இழுத்தால் மேல் அடுக்கு கையோடு வந்துவிடும். அடியில் புதிதாக, தட்டையாக ஒரு பரப்பு கிடைக்கும். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த நீரை அதில் ஒரு சொட்டு வைத்துக் காயவிட்டு, நுண்ணோக்கியின் ஊசியால் தடவித் தடவிப் பார்க்க வேண்டும். நீரில் இருக்கும் புரதம் திரையில் தெரியும். நல்ல புரதம் பொட்டுப் பொட்டாகக் கிடக்கும். கெட்டுப்போனது ஒன்றோடொன்று பின்னிக் கயிறாகிக் கிடக்கும்.

தம்பிக்கு அந்தக் கயிறு இருக்க வேண்டும் என்று அவள் வேண்டாத நாளில்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். போன வருஷம் கையிலிருந்து ஸ்பேனர் நழுவ ஆரம்பித்தது. பிறகு சாவி. பிறகு ஸ்பூன். "பூமி என்னை மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியா இழுக்குதுக்கா" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். டாக்டர்கள் சிரிக்கவில்லை. இரண்டில் ஒன்று என்றார்கள். கெட்ட புரதம் கழுத்தில் நரம்பின் வேர்களைச் சுற்றி உறையாகப் படிந்து நெரிக்கிறது என்றால், திறந்து, உறையை வெட்டி, நரம்பை விடுவிக்கலாம். பொல்லாத ஆபரேஷன்தான். நாலு பேரில் ஒருவருக்கு அப்புறம் தானாக மூச்சு வராது. ஆனாலும் மற்ற மூன்று பேர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். இல்லையென்றால் நரம்பே செத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு மருந்தும் கிடையாது, கத்தியும் கிடையாது. இரண்டு வருஷம், மிஞ்சினால் மூன்று. கயிறு தெரிந்தால் முதலாவது, தெரியாவிட்டால் இரண்டாவது. அதைப் பார்த்துச் சொல்கிற ஆள் இந்த ஆஸ்பத்திரியில் ஒருத்திதான், அவள் அவனுக்கு அக்கா.

ஒவ்வொரு நோயாளிக்கும் முதலில் வெறும் கல்லைப் பார்க்க வேண்டும் என்பது கூடத்தின் வழக்கம். உரித்த கல்லில் சுத்தமான தண்ணீர் மட்டும் வைத்து, நாலைந்து இடம் பார்த்து, "கல் சுத்தம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். பத்து நிமிஷ வேலை. தம்பிக்கும் அவள் பத்து நிமிஷம்தான் பார்த்தாள். அப்புறம் அவன் சொட்டை எடுத்து வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, மூன்று வாரம் தேடினாள். கல்லை உரிப்பாள், வைப்பாள், தேடுவாள், மறுபடி உரிப்பாள். இருபதாவது நாள் ஒரே ஒரு கயிறு கிடைத்தது. அறுவை செய்யும் டாக்டரம்மாவிடம் படத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"வெறும் கல்லையும் இதே அளவு தேடிட்டியா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"பார்த்துட்டேன் டாக்டர்" என்றாள்.

தேடினாயா என்று கேட்டதற்குப் பார்த்தேன் என்று பதில் சொன்னதை அவள் அப்போது கவனிக்கவில்லை என்று சொன்னால் நம்புவதற்கு நான் தயாராக இல்லை. அவளும் இல்லை. ஆபரேஷன் கோப்பில் வைக்க வெறும் கல்லின் படமும் வேண்டும் என்று வெள்ளிக்கிழமை ஆள் வந்து கேட்டபோதுதான் அவள் மறுபடி வெறும் கல்லைக் கையில் எடுத்தாள். அன்றிலிருந்து மூன்று நாளாக வெறும் கல்லைத் தேடினாள், அதில் ஒன்றும் கிடைக்கக் கூடாது என்பதற்காக. கிடைத்துவிட்டது. உரிக்கும்போது கல்லின் ஓரம் கிழிந்து, முறுக்கிக்கொண்டு, புரதக் கயிறு மாதிரியே வேஷம் கட்டியிருந்தது.

ஆபரேஷன் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு.

வார்டு எதிர்க் கட்டடத்தில் மூன்றாவது மாடி. லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியேறினாள். தம்பி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கழுத்துக்குப் பின்னால் முடியை மழித்துவிட்டிருந்தார்கள். அவன் மனைவி மருந்துக்கடைக்குப் போயிருந்தாள்.

"வாக்கா. மேல போற வண்டியா கீழ போற வண்டியான்னு நாளைக்குத் தெரிஞ்சிடும்" என்றான்.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கத் தெம்பில்லை.

"அந்தக் கயிறு உன்னோடது இல்லடா."

"பின்ன யாரோடது?"

"கல்லோடது. வெறும் கல்லுலயும் அதே மாதிரி இருக்கு. இப்பத்தான் பார்த்துட்டு வரேன்."

அவன் மிஷின்களோடு வாழ்ந்தவன், சட்டென்று விடமாட்டான்.

"கல்லுலயும் இருக்கலாம், எனக்கும் இருக்கலாம். ரெண்டும் இருக்கக் கூடாதுன்னு ஏதாவது சட்டமா?"

"நிஜமா இருந்தா கல்லு பூரா இருக்கும். மத்தவங்களுக்கெல்லாம் முதல் மணி நேரத்துலயே தெரிஞ்சுது. உனக்கு மூணு வாரத்துல ஒண்ணு."

"அது உனக்கு அப்பவே தெரியாதா?"

"தெரியும்."

அவன் அவளைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்படியே இருக்கட்டும்."

"டேய்."

"நாலுல மூணு பேர் பிழைக்கிறாங்கன்னு நீதான சொன்னே? சும்மா வீட்டுக்குப் போனா நாலுல நாலும் காலி. எனக்கும் கணக்கு வரும்க்கா."

"அந்த மூணு பேருக்கு உள்ள கயிறு இருந்துச்சு, எடுத்தாங்க. உனக்கு எடுக்கறதுக்கு ஒண்ணுமில்லை. திறக்கிற ஆபத்து மட்டும்தான் உன் பங்குக்கு வரும்."

"வரட்டும். ஏதோ பண்ணாங்கன்னு இருக்கும்ல? ஒண்ணுமே பண்ணாம, ஒவ்வொரு விரலா போறதை உக்காந்து பார்க்கச் சொல்றியா? வாயை மட்டும் மூடிட்டு இரு. இது ஒண்ணு செய் எனக்கு."

அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். பிடித்தான் என்று சொல்கிறோம், அந்தக் கையில் பிடி என்பதே இல்லை. உதறினால் விழுந்துவிடும். அவள் உதறவில்லை. மூடிவிடலாமே என்றுதான் அவளுக்கும் தோன்றியது. ஊசி நுண்ணோக்கி யாரிடம் போய்ச் சொல்லப்போகிறது? படத்தை அழிக்க ஒரு பொத்தான் போதும். நாளைக்கு அவன் பிழைத்து எழுந்து, கழுத்தில் தையலோடு, அதே கையால் அதே ஸ்பூனைக் கீழே போடுவதை நினைத்துப் பார்த்தாள். எழாமலே போவதையும் நினைத்தாள். இரண்டிலும் கத்தியை எடுத்துக் கொடுத்தது அவள் கைதான்.

டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தார். நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"என்ன டேப்பக்கா, ஞாயித்துக்கிழமை கூட லீவு இல்லையா? வெறும் கல் படம் ரெடியா? கோப்பை மூடணும்."

தம்பி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயசில் சோற்றுக்காகவும், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்காகவும் அவளைப் பார்த்த அதே பார்வை. அவன் கேட்டு அவள் இல்லையென்று சொன்னது கிடையாது.

"அதுலயும் கயிறு இருக்கு டாக்டர்" என்றாள்.

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் செல்போனில் எடுத்து வந்திருந்த படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நான் கேட்டப்போ பார்த்துட்டேன்னு சொன்னியே."

"பத்து நிமிஷம் பார்த்தேன்."

அவர் கோபப்படவில்லை, அல்லது கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். தம்பியின் பக்கம் திரும்பினார். "நாளைக்கு ஆபரேஷன் இல்லைப்பா. காரணமில்லாம உன் கழுத்துல நான் கத்தி வைக்க மாட்டேன். காலைல வந்து விவரமாப் பேசறேன்" என்று சொல்லி, அவன் தோளில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்துவிட்டுப் போனார்.

தம்பி அவள் மணிக்கட்டை எப்போது விட்டான் என்று அவளுக்குத் தெரியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அவள் அவன் பெயரைக்கூடச் சொல்லிக் கூப்பிடப் பயந்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்றால், எதற்கென்று கேட்பது? பொய்யான கயிற்றைக் கண்டுபிடித்ததற்கா, நிஜத்தைச் சொன்னதற்கா?

"இந்தப் பதினோரு நாள்தான்க்கா நல்லாத் தூங்கினேன்" என்றான் சுவரிடம்.

அவளுக்கு அழுகை பீறிக்கொண்டு வந்தது. அடக்காமல் அழுதாள். அவன் திரும்பவில்லை.

"அவகிட்ட நீயே சொல்லிடு. நல்ல சேதியையும் நீதான ஃபோன் பண்ணிச் சொன்னே. என்னால முடியாது."

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்தினாள். தம்பி மனைவி இரண்டு கையிலும் பைகளோடு, வேர்த்துப்போய், சிரித்த முகமாக வந்தாள்.

"அண்ணி, நீங்களும் வந்துட்டீங்களா? லிஸ்ட்ல இருந்தது எல்லாமே கிடைச்சிடுச்சு. கழுத்துப் பட்டைதான் எந்த சைஸ்னு தெரியல, ரெண்டு வாங்கிட்டேன். ஆபரேஷன் முடிஞ்சதும் போட்டுப் பார்த்துட்டு, சேராததைத் திருப்பிக் கொடுக்கலாம்னு கடைக்காரர் சொன்னார்."

அவள் பைகளை ஒவ்வொன்றாக வாங்கி பெஞ்சின் மேல் வைத்தாள். தம்பி மனைவியைத் தோளைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"ரெண்டையும் திருப்பிக் கொடுத்துடலாம்மா" என்றாள்.