உள்ளங்கையில் காயாத பெட்ரோல்

உத்திரமேரூர் ஏரிக்கு வாட்டர் ஸ்கூட்டர் வந்து பன்னிரண்டு நாள் ஆகியும் அது இன்னும் தண்ணீரில் ஓடவில்லை. காஞ்சிபுரத்தில் பட்டு வியாபாரம் செய்து ஓய்ந்த நமச்சிவாயம் முதலாளி, ஏரிக்கரையில் விடுதி கட்டி, தங்க வருகிறவர்களைச் சுற்றிக் காட்ட அதை வாங்கியிருந்தார். ஓட்டவும் பராமரிக்கவும் ஓர் ஆள் வேண்டும். "ஞாயித்துக்கெழம என் கண்ணு முன்னால ஸ்டார்ட் பண்ணி ஒரு ரவுண்டு வா தமிழு. வேல உன்னுது," என்று தமிழரசனிடம் சொல்லியிருந்தார்.

தமிழரசன் இருபது வருஷமாகப் பம்புசெட் மெக்கானிக். ஊரார் கிணறுகளில் இறங்கி ஏறியே முட்டி தேய்ந்து போனவன். இனி மாதச் சம்பளம், தரையில் நின்று செய்கிற வேலை என்று அவன் மனைவி கீதா தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். கிடைக்காமல் போனால் தெருவுக்கு என்ன சொல்வது என்று அவள் யோசிக்கவில்லை. அவனும்தான் யோசிக்கவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தமிழரசன் பட்டனை அமுக்கினான். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி அமுக்கினான். அப்போதும் அதே கதை.

பதறவில்லை அவன். மணிக்கட்டில் கட்டும் சிவப்புக் கயிற்றின் கிளிப் விலகியிருந்தால் வண்டி கிளம்பாது. கிளிப் சரியாகத்தான் இருந்தது. இவ்வளவு வேகமாகச் சுற்றுவதால் பேட்டரியிலும் குறையில்லை. சீட்டைத் தூக்கி, நனைந்திருந்த பிளக்கைக் கழற்றித் துடைத்து, எஞ்சின் இரும்பில் தொடும்படி பிடித்துப் பட்டனை அமுக்கிப் பார்த்தான். நீல நிறத்தில் பொறி வந்தது. கரண்டும் வருகிறது, பிளக் நனைந்திருந்ததால் எண்ணெயும் வருகிறது. பிறகு ஏன் பிடிக்க மாட்டேன் என்கிறது?

டேங்கிலிருந்து நாலு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு ஊதினான். பெட்ரோல் என்றால் சில்லென்று பறந்துவிடும். இது பறக்காமல் பிசுபிசுத்தது. மோந்து பார்த்தான். பாதிக்குப் பாதி கெரசின்.

நேற்று மாலை டேங்கை நிரப்பியவன் வினோத்குமார், கீதாவின் தம்பி. எட்டு வருஷமாகத் தமிழரசன் வீட்டிலேயே சாப்பாடு, அவனோடுதான் வேலை. இந்தப் பக்கத்துக் கிணறுகளில் பழைய எஞ்சின்கள் இன்னும் சில உண்டு. பெட்ரோலில் கிளப்பி, சூடு ஏறியதும் கெரசினுக்குத் திருப்ப வேண்டும். கேனில் இரண்டையும் கலந்தே வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். கைப்பழக்கத்தில் அந்தக் கேனை எடுத்துக் கவிழ்த்துவிட்டான் பாவம், என்று தமிழரசன் நினைத்தான். கோபத்தைவிட இரக்கம்தான் முந்திக்கொண்டு வந்தது. முதலாளிக்குத் தெரிந்தால் இவனை இந்தப் பக்கமே சேர்க்க மாட்டார்.

"இன்னா தமிழு?" என்றார் முதலாளி.

"என் தப்புதாங்க. பம்புசெட்டு ஞாபகத்துல கெரசின ஊத்திட்டேன். ஒரு மணி நேரம் குடுங்க, சரி பண்ணிடறேன்."

பக்கத்தில் நின்ற வினோத் தலையைக் குனிந்துகொண்டான். வெட்கப்படுகிறான் என்று தமிழரசன் நினைத்தான்.

முதலாளிக்கு ஆச்சரியமே இல்லை. "வினோத்து முந்தாநாளே சொன்னான்பா. மாமாவுக்குப் பழக்கம் வுடாது, என்னிக்காவது கெரசின ஊத்தி வண்டியக் கெடுத்துடுவாருன்னு. நான்தான் நம்பல."

தமிழரசன் வினோத்தைப் பார்த்தான். அவன் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு வினோத்தே முன்னால் வந்தான். "நகரு மாமா, நான் பாக்கறேன்," என்று டேங்கைக் காலி செய்தான், குழாயைக் கழுவிவிட்டான், தனியாகக் கொண்டுவந்திருந்த கேனிலிருந்து சுத்தமான பெட்ரோலை ஊற்றினான். சட்டைப் பையிலிருந்து புது பிளக்குகளை எடுத்து மாட்டினான். அந்த அளவு பிளக் உத்திரமேரூரில் கிடையாது. இருக்கட்டுமே என்று ஒரு செட் வாங்கத் தமிழரசன் போன வாரம்தான் காஞ்சிபுரம் முழுக்க அலைந்துவிட்டு, சென்னையிலிருந்து வரவழைத்தால்தான் உண்டு என்று கேட்டுத் திரும்பியிருந்தான். வண்டி கெடுவதற்கு முன்பே மருந்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறான் பயல்.

இப்போது உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? தன் தப்பு என்று தன் வாயாலேயே சொல்லியாகிவிட்டது. இவனைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய் என்று நினைக்கும்போது தமிழரசனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

முதல் அமுக்கலில் வண்டி பிடித்தது. முதலாளி எழுந்து நின்று, "நாளைலேந்து நீயே வந்துடு வினோத்து," என்றார். வினோத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனான்.

கீதா போனில் கூப்பிட்டாள். "இன்னா ஆச்சு, ஸ்டார்ட் ஆச்சா?"

"ஆச்சு. உன் தம்பிதான் ஓட்டிக்கினு கீறான்."

"அவனா? அவனுக்கா வேல?"

"அவனுக்குத்தான்."

அவள் மூச்சை இழுத்து விட்டுச் சொன்னாள்: "போவுது வுடு. யாருக்குக் கெடச்சா இன்னா, நம்ம வூட்டுப் புள்ளதானே. நாளைக்கு உனுக்கு முடியாமப் போனா அவன் பாத்துக்க மாட்டானா? நீ தூக்கி வுட்டத அவன் மறந்துடுவானா?"

ஏரியின் நடுவிலிருந்து வினோத் கையை உயர்த்திக் காட்டினான். முதலாளி கை தட்டினார்.

"மறக்க மாட்டான்," என்றான் தமிழரசன்.