மறுபக்கம் கடித்த ஆப்பிள்

அந்த ஆப்பிளைப் பார்த்ததுமே ஷைலா முகத்தைச் சுளித்தாள்.

காலையில்தான் ஒட்டியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் பெட்டியின் கண்ணாடிக் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளை ஸ்டிக்கர். உள்ளே ஊதாவும் பச்சையுமாக விளக்குகள் மாறி மாறி எரிந்துகொண்டிருந்தன. தேர்த் திருவிழாவில் பஞ்சுமிட்டாய் வண்டிக்காரன்கூட இவ்வளவு கூசாமல் ஜோடிக்க மாட்டான். அதிலும் உண்மையான ஆப்பிளுக்குக் கடி வலது பக்கம். இதற்கு இடது பக்கம். ஸ்டிக்கர் வெட்டுகிறவன் கண்ணாடிக்கு உட்புறமாக ஒட்டுவதற்கென்று திருப்பி வெட்டிக் கொடுத்திருக்கிறான். முதலாளி வெளிப்புறமாக ஒட்டிவிட்டார்.

"ஏனுங்கண்ணா, கடி பக்கம் மாறியிருக்குதுங்களே."

"கடிச்சிருக்குதுல்லீங்க அம்மணி? எந்தப் பக்கம் கடிச்சா என்னங்க" என்றார் பாலுசாமி. சொல்லிவிட்டு வேட்டி நுனியால் அந்த ஆப்பிளைப் பதமாகத் துடைத்தார். "போர்டும் இன்னைக்கு வந்துருமுங்க. மத்தியானத்துக்கு மேல மாட்டிப்போடலாம்."

போர்டு என்ற சொல்லைக் கேட்டதும் ஷைலா வாயை மூடிக்கொண்டாள். அந்தப் போர்டில் அவள் பெயர் வர வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கருமத்தையெல்லாம் சகித்துக்கொண்டிருக்கிறாள்.

அன்னூரில் பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது தெய்வா டிஜிட்டல் ஸ்டுடியோ. தெய்வாத்தாள் என்பது முதலாளியம்மா பெயர். பாலுசாமி கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாணம், சீர், காதுகுத்து என்று ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்து வருவார். எடுத்து வந்ததைக் கொட்டிக் கோதி, வெட்டி ஒட்டிப் படமாக்குவது ஷைலா. கோயம்புத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, ஏசி வேலை செய்யாத ஓர் அறையில் உட்கார்ந்து, யார் யார் வீட்டுப் பெண்ணோ அழுவதற்கும் சிரிப்பதற்கும் சரியான இடத்தில் பாட்டுப் போட்டுக்கொண்டிருப்பவள் அவள். படம் முடிந்து பெயர் ஓடும்போது மட்டும் 'படப்பிடிப்பு, எடிட்டிங்: பாலுசாமி'.

ஒரு தடவை சர்ச்சில் கூடப் பாடுகிற லின்சி வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து அவளுடைய கல்யாண வீடியோ பார்த்தார்கள். லின்சியின் அப்பா மகளை வழியனுப்பிவிட்டுத் திரும்பி நடக்கும் காட்சியில் கூடமே மூக்கை உறிஞ்சியது. "யாருடி இதை எடிட் பண்ணது, மனுசன் கொன்னுட்டான்!" என்றாள் லின்சியின் சித்தி. "நான்தாங்க" என்றாள் ஷைலா. சித்தி திரையைக் காட்டினாள். அங்கே பாலுசாமி பெயர் ஓடிக்கொண்டிருந்தது. "ஆமா ஆமா, நீதான்" என்று சித்தி சிரித்த சிரிப்பு இன்னும் ஷைலாவின் காதைவிட்டுப் போகவில்லை.

அதற்கப்புறம் அவள் பாலுசாமியிடம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாள். பாலுசாமியும் இல்லையென்று சொன்னதே கிடையாது. அந்த மனிதர் வாயில் 'இல்லை' என்ற சொல்லே வராது. அப்படி ஒரு மரியாதைக்காரர். பிச்சைக்காரனுக்கும் 'ங்க' போடுவார், நாயைக்கூட 'தள்ளிப் படுங்க கண்ணு' என்பார். அவளிடமும் "அதுக்கென்னங்க அம்மணி, அப்புறம் பாக்கலாங்க" என்பார். கேட்கும்போது தேன்தான். நக்கிப் பார்த்தால்தானே தெரியும், வெறும் புறங்கை.

இந்த நேரத்தில்தான் ஆப்பிள் கம்பெனியின் மேக் கம்ப்யூட்டர் என்ற பேச்சு ஊருக்குள் வந்து சேர்ந்தது. செக்கில் ஆட்டின எண்ணெய்தானா என்று கேட்கிற மாதிரி, வருகிறவர்களெல்லாம் "மேக்குல எடிட் பண்றீங்கதானுங்களே?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். மேக் என்றால் சட்டியா பானையா என்று தெரியாதவர்களும் கேட்டார்கள். நிஜ மேக் வாங்க பாலுசாமிக்கு மனம் வரவில்லை. சாதாரணப் பெட்டியிலேயே மேக்கின் மென்பொருளை ஏற்றலாம் என்று எவனோ காதில் ஓதிவிட்டான். காந்திபுரத்தில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய பெட்டியைக் கொண்டுவந்து ஷைலாவின் முன்னால் இறக்கினார்.

"இத மட்டும் மேக்கா மாத்திக் குடுத்துப்போடு கண்ணு. புதுப் போர்டு எழுதறப்ப எடிட்டிங் ஷைலான்னு உன் பேரப் போட்டுப்போடலாம். படத்துலயும் போட்டுப்போடலாங்க."

அவள் விழுந்தது அந்த இடத்தில்தான்.

விழுந்த பிறகல்லவா தெரிந்தது, அது சாக்கடையென்று. மேக் தன் சொந்தப் பெட்டியில்தான் குடியிருக்கும். வேறு பெட்டியில் ஏற்றக் கூடாது என்பது கம்பெனிக்காரர்களின் நிபந்தனை. மீறி ஏற்றினால் பொய்யில்தான் ஆரம்பிக்க வேண்டும். 'நான் ஐமேக்தான், இதோ என் சீரியல் நம்பர்' என்று பெட்டியைப் பொய் பேசப் பழக்க வேண்டும். பொய் நம்பரை இவளே உண்டாக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாதென்று பாடம் எடுக்கிறவள், திங்கட்கிழமை வந்து ஓர் இரும்புப் பெட்டிக்குப் பொய் சொல்லிக் கொடுத்தாள்.

அந்த ஒரு பொய்யோடு முடிந்ததா? பாலுசாமி ஆசைப்பட்டு வாங்கிய கிராபிக்ஸ் கார்டு கலர் கலராக எரிந்ததே தவிர, மேக்குக்கு அதை அடையாளமே தெரியவில்லை. கடைக்காரனோடு மல்லுக்கட்டி வேறு மாற்றினாள். கார்டு சரியானால் சத்தம் வரவில்லை. சத்தம் வந்தால் கீபோர்டைச் செருகும் ஓட்டை செத்தது. தூங்கப் போட்டால் பெட்டி எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. பெட்டிக்கான கட்டளைகள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரியை மாற்றுவாள், மறுபடி பூட் செய்வாள், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் கடகடவென்று ஓடி ஓர் இடத்தில் நின்றுவிடும். ச்சை என்று காறித் துப்பலாம்போல வரும். கடைசியில் ஒருநாள் எழுத்துகள் நிற்காமல் ஓடி முடிந்தன, திரை வெளுத்தது, மேக் வந்து உட்கார்ந்தது. சும்மா சொல்லக் கூடாது, வேலைக்குப் பறந்தது. எல்லாவற்றையும் சொந்தமாகத் தான் வாங்கிய ஒரு பென் டிரைவில் பத்திரப்படுத்திக்கொண்டாள். என்றைக்காவது இது படுத்துவிட்டால் எழுப்புவதற்கு அதுதான் மருந்து.

பாலுசாமி முதல் வேலையாகப் பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர் மாசாணத்தை அழைத்து வந்தார். அவருடைய மகள் சண்முகப்ரியாவின் கல்யாணப் படம் அப்போது ஷைலாவின் கையில் இருந்தது. நல்ல இடமொன்று வெட்டி முடித்திருந்தாள். தாலி ஏறும்போது அண்ணன்காரன் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைக்கிற இடம். அதைக் காட்டலாமென்று எழுந்தாள். பாலுசாமி மவுஸைப் பிடுங்கி, 'ஐமேக்' என்று காட்டும் சின்னக் கட்டத்தைத் திறந்து, "பாத்துக்குங்க, ஒரிஜினலுங்க" என்றார். மாசாணம் குனிந்து பார்த்து "அட, ஆப்பிளேதானுங்க!" என்று கையெடுத்துக் கும்பிடாத குறைதான். படத்தை அவர் பார்க்கவேயில்லை. கொண்டையோ தாழம்பூ, உள்ளே இருப்பது ஈரும் பேனும் என்பார்கள். இங்கே அந்தப் பேனை வளர்த்தவளே தான்தானே என்று நினைக்க ஷைலாவுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

ஒன்றை மட்டும் பாலுசாமியிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "அண்ணா, அப்டேட் பண்ணட்டுமான்னு அது அப்பப்ப கேக்குமுங்க. என்ன கேட்டாலும் சரி, 'அப்புறம்'கிற பட்டனை அமுக்கிப்போடுங்க. அப்டேட் குடுத்தீங்கன்னா மொத்தமும் போயிருமுங்க."

"அதுக்கென்னங்க அம்மணி" என்றார் பாலுசாமி.

சண்முகப்ரியாவின் படத்தை மாப்பிள்ளை வீட்டு விருந்தில் பெரிய திரையில் போடுவதாக ஏற்பாடு. அந்த வாரத்தில் ஒருநாள் ஷைலா ஸ்டுடியோவுக்குள் நுழைந்தபோது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து பாதியில் நின்றிருந்தது. பாலுசாமி எதிரே நாற்காலி போட்டு, இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார்.

"என்னங்கண்ணா பண்ணுனீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலீங்க. அதுதானுங்க கேட்டுச்சு."

"அப்புறம்னு அமுக்கச் சொன்னேனுங்களே!"

"அமுக்கினேனுங்க. தெனமும் அமுக்கினேன். ஆனா அது வந்து வந்து கேக்குதுங்களே அம்மணி. ஒருத்தரு வாசல்ல வந்து நின்னு கேட்டுட்டே இருந்தா எத்தனை தடவைங்க அப்புறம் அப்புறம்னு சொல்றது? மரியாதையா இருக்குமுங்களா? மனசு கேக்கலீங்க. சரி, பாவம்னு குடுத்துப்போட்டேனுங்க."

சிரிப்பதா, பெட்டியைத் தூக்கி அவர் தலையில் போடுவதா என்று ஷைலாவுக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டருக்கு மரியாதை பார்த்த மனிதனை உலகத்தில் வேறெங்காவது கண்டதுண்டா? "காப்பாத்திக் குடுத்துப்போடுங்க கண்ணு, மாசாணம் முகத்துல முழிக்க முடியாது. போர்டுக்குச் சொல்லியாச்சுங்க, உன் பேரோடதான்" என்று அவர் கெஞ்சியபோது, பென் டிரைவைச் செருகினாள். சோறு தண்ணி பார்க்காமல் போராடி, புது மேக்குக்குத் தகுந்த புதுப் பொய்களைச் சொல்லிக் கொடுத்து எழுப்பினாள். படம் விருந்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பரிசாகத்தான் இந்த மறுபக்கம் கடித்த ஆப்பிள்.

மத்தியானம் போர்டு வந்தது. கீழே பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் ஒரு கை கொடுத்து மேலே ஏற்றினார்கள். ஷைலா ரோட்டுக்கு இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்று, நிழலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு படித்தாள்.

'தெய்வா மேக் ஸ்டுடியோ. உரிமையாளர்: பாலுசாமி. எடிட்டிங்:'

அதற்குப் பக்கத்தில் ஓர் ஆப்பிள். அதுவும் இடது பக்கம் கடித்தது.

பெயர் இல்லாமல் இருந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். அவள் பெயர் வர வேண்டிய இடத்திலேயே, அவள் பொய் சொல்லப் பழக்கிய பெட்டி ஏறி உட்கார்ந்திருந்தது. பாலுசாமி பக்கத்தில் வந்து நின்று, "எப்படீங்க அம்மணி, எடுப்பா இருக்குதுங்களா?" என்றார்.

"எம் பேருங்கண்ணா?"

"அட, அது இல்லாமயா? கஸ்டமரு இதைத்தானுங்களே கேக்கறாங்க. உம் பேரு அடுத்த போர்டுல அப்புறம் பாக்கலாங்க."

அப்புறம். அவளேதான் அந்தப் பட்டனைக் காட்டிக் கொடுத்தாள். ஆனால் காட்டிக் கொடுப்பதற்கு வெகுகாலம் முன்பே இவருக்கு அது தெரிந்திருக்கிறது. அவள் வாசலில் வந்து நின்று கேட்டபோதெல்லாம் மனசு ஒரு துளியும் உறுத்தாமல் அதைத்தான் அமுக்கியிருக்கிறார். இரும்புப் பெட்டி கேட்டபோதுதான் 'பாவம்' என்று வந்திருக்கிறது. இந்தத் தேன் வாய்க்கா இவ்வளவு நாள் தலையாட்டினோம் என்று நினைக்கையில் ஷைலாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

மேலே போனாள். எல்லார் வீட்டுக் கல்யாணத்தையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்தாள். ஒவ்வொன்றாகத் திறந்து, ஓடுகிறதா என்று பார்த்தாள். அந்தப் பெண்கள் என்ன பாவம் செய்தார்கள்? டிஸ்க்கைப் பாலுசாமியின் மேஜையில் வைத்தாள். தன் பென் டிரைவை உருவி டிபன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"எல்லாப் படமும் இந்த டிஸ்க்குல இருக்குதுங்கண்ணா. பத்திரம்."

"ஏனுங்க, அதுக்குள்ள ஊட்டுக்குங்களா? காலைல வெள்ளன வந்துருங்க."

கொங்கு நாட்டில் சண்டை போட்டுக்கொண்டு போகிறவன்கூட 'போயிட்டு வாரேனுங்க' என்றுதான் படியிறங்குவான்.

"போறேனுங்கண்ணா" என்றாள் ஷைலா.

பாலுசாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்னங்க அம்மணி, வெளக்கு வெக்கற நேரத்துல. வாரேன்னு சொல்லிப்போட்டுப் போங்க."

"இல்லீங்கண்ணா. போறேன்."

அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் பெட்டி 'டிங்' என்றது. இரண்டு பேரும் திரும்பினார்கள். திரையின் மூலையில் அந்தக் கட்டம் வந்து நின்றது.

"அம்மணி, அப்டேட் கேக்குதுங்க!" பாலுசாமி பதறினார். "என்னங்க பண்ணட்டும்?"

ஷைலா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"அப்புறம்னு சொல்லுங்கண்ணா" என்றாள். "திரும்பத் திரும்பக் கேக்குமுங்க. தெனமும் கேக்குமுங்க. எனக்குச் சொன்ன மாதிரியே அதுக்கும் உங்களால சொல்ல முடியுதான்னு பாருங்க."

படியிறங்கி ரோட்டுக்கு வந்தபோது கோயம்புத்தூர் பஸ் வந்துகொண்டிருந்தது. கையைக் காட்டி ஏறிக்கொண்டாள். மறுநாள் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது, இடது கையில் வேறிடத்தில் வேலை கேட்டு எழுதிய பேப்பர் இருந்தது. சர்ச் வாசலைத் தாண்டும்போது பையில் போன் அடித்தது. பாலுசாமி.

"அம்மணி, கறுப்பா வந்து நின்னுபோச்சுங்க. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

"அதுக்கென்னங்கண்ணா" என்றாள் ஷைலா. "அப்புறம் பாக்கலாங்க."