இரண்டு பேருக்கு அனுமதி

லிஃப்ட் மெக்கானிக்கின் கைப்பேசியில் அறுபத்து மூன்று பேர் சொந்தப் பெயரில்லாமல் இருந்தார்கள். 'பி பாசிட்டிவ் பெயின்டர்', 'பி பாசிட்டிவ் பேங்க் அண்ணன்', 'பி பாசிட்டிவ் மூணாம் மாடி அக்கா' என்றுதான் எல்லோரையும் பதிந்து வைத்திருந்தான். எந்தக் கட்டடத்துக்கு வேலைக்குப் போனாலும், கிளம்பும்போது அங்கிருப்பவரிடம் உங்கள் ரத்தம் என்ன குரூப் என்று கேட்டுவிடுவான். சிலர் இவனுக்கு மறை கழன்றுவிட்டதோ என்று பார்ப்பார்கள். காரணம் சொன்னதும் பெரும்பாலானவர்கள் நம்பர் கொடுத்துவிடுவார்கள்.

காரணம் அவனுடைய பத்து வயது மகள். பள்ளிப் பதிவேட்டில் பெயர் நீளமாக இருந்தாலும் வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் அவள் வாண்டுதான். அவளுக்குத் தலசீமியா. தனக்கு வேண்டிய ரத்தத்தை அவள் உடம்பு உண்டாக்கிக்கொள்ளாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை யாருடைய ரத்தமாவது ஏற வேண்டும். ஏறுகிற ரத்தத்தோடு சேரும் இரும்பு இதயத்தில் போய்ப் படியும் என்பதால் அதை வெளியேற்றத் தினமும் மாத்திரை. நாள் நெருங்க நெருங்க வெயிலில் போட்ட கீரைபோலத் துவண்டுவிடுவாள். ஏற்றிய மறுநாள் கால் தரையில் பாவாது. இந்தத் தடவை யாருடைய ரத்தம் என்று தவறாமல் கேட்பாள். பெயின்டருடையது என்றால் போச்சு, சுவரெல்லாம் கிறுக்கிவிட்டு, திட்டுவதானால் அவரைத் திட்டுங்கள் என்பாள்.

ரத்த வங்கியில் பாதி நாள் கையை விரித்துவிடுவார்கள். மாத்திரையும் சில மாதம் கிடைக்கும், சில மாதம் கிடைக்காது. ஒருநாள் வார்டு டாக்டர் அவனைத் தனியாக அழைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னார். இங்கே இந்த நோயோடு இருபத்தைந்தைத் தாண்டியவர்களை அவர் விரல்விட்டு எண்ணிவிடலாம். வசதியுள்ள நாடுகளில் இதே பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள், ஓய்வும் பெறுகிறார்கள். அவன் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னது ஒரே வார்த்தைதான்: "போயிடலாம்."

அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. எதையும் யோசித்துச் செய்கிறவள். அன்றைக்கு யோசிக்கவில்லை.

லிஃப்ட் வேலை தெரிந்தவனுக்கு வெளிநாட்டில் கிராக்கி இருந்தது. முதல் நேர்காணலிலேயே எடுத்துக்கொண்டார்கள். குடும்பத்தோடு வரலாம், மூன்று பேருக்கும் மருத்துவப் பரிசோதனை மட்டும் பாக்கி என்றார்கள். அதற்கான படிவத்தில்தான் அந்தக் கேள்வி இருந்தது: குடும்பத்தில் யாருக்காவது நீண்டகால நோய் உண்டா?

"ரத்தம் ஏத்தின மறுநாள் கூட்டிட்டுப் போயிடுவோங்க" என்றாள் மனைவி, குரலைத் தாழ்த்தி. "கன்னம் நல்லா சிவப்பா இருக்கும். இல்லைன்னு எழுதிடலாம்."

அவன் பதினாறு வருடமாக லிஃப்ட்டுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் எழுதுகிறவன். பிரேக் தேய்ந்திருந்தால் தேய்ந்திருக்கிறது என்றுதான் எழுதுவான். முதலாளியே மல்லுக்கு நின்றாலும் மாற்றமாட்டான். பொய் தெரிந்தால் மூன்று பேரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அப்புறம் எந்தக் கதவும் திறக்காது என்று சொல்லிவிட்டு 'உண்டு' என்ற இடத்தில் குறியிட்டான். அவள் அடுப்பில் ஏதோ இருப்பதுபோல எழுந்து போனாள்.

பதில் ஏழு வாரம் கழித்து வந்தது. மனைவிதான் படித்தாள், பிள்ளைகளின் நோட்டைத் திருத்துவதுபோல ஒவ்வொரு வரியாக விரல் வைத்து. கணவன், மனைவி இருவருக்கும் அனுமதி. மகளுக்கு இல்லை. அவளுக்கு ஆகும் சிகிச்சை அந்த நாட்டின் மருத்துவத் துறைக்கு அளவுக்கு மீறிய சுமை என்று நாகரிகமான சொற்களில் எழுதியிருந்தார்கள்.

வாண்டு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "டெஸ்ட்ல நான் ஃபெயிலாப்பா?"

"நீ பாஸ்டா. அப்பாதான் ஃபெயில்" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றான்.

அவனைத் தனியாகப் போகச் சொன்னவள் மனைவிதான். நல்ல மாத்திரையாவது அங்கிருந்து தவறாமல் வரும். இரண்டு வருடம் வேலை பார்த்தபிறகு அங்கிருந்தே மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று விசாரித்து வைத்திருந்தாள். அவனுக்கு மனசு கேட்கவில்லை. அவள் ஒற்றைக் காலில் நின்றாள். அறுபத்து மூன்று நம்பர்களையும் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு அவன் விமானம் ஏறினான்.

கம்பெனி அவனைப் போட்டது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். பத்து மாடி, எட்டு லிஃப்ட். ஏழாம் மாடியில் வாண்டுவைப் போன்றவர்களுக்கென்றே தனி அறை இருந்தது. சாய்வு நாற்காலிகள், சன்னல் ஓரத்தில் செடிகள். ரத்தம் பெட்டியில் வந்து காத்திருந்தது. யாரும் யாரையும் கெஞ்சவில்லை. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, பழுது பார்க்க வந்த கதவைப் பார்க்காமலே கீழே இறங்கிப் போய்விட்டான்.

ஒரு மதியம் லிஃப்ட்டில் ஓர் அம்மாள் ஏறினார். எடுப்பான கன்ன எலும்பு, மஞ்சள் பாய்ந்த கண். அவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் தலைமுடி பாதி நரைத்திருந்தது. இந்த நோய்க்காரர் ஒருவரை நரையோடு அவன் வாழ்நாளில் பார்த்ததில்லை. தட்டுத்தடுமாறிப் பேச்சுக் கொடுத்தான். தபால் நிலையத்தில் வேலை, வயது ஐம்பத்து நான்கு என்றார். சாப்பாட்டு இடைவேளை வந்ததும் வீட்டுக்குப் போன் போட்டான்.

"அம்பத்து நாலா? நிஜமாவே நரை முடியாப்பா?"

"பாதித் தலை வெள்ளை."

"அப்போ நானும் ஒருநாள் டை அடிப்பேன்" என்று வாண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் சிரித்தான். அந்த வாரம் முழுவதும் அவனுக்கு உடம்பு லேசாக இருந்தது.

மாத்திரை மாதாமாதம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. ரத்தத்துக்குத்தான் தட்டுப்பாடு. அந்த அறுபத்து மூன்று பேருக்கும் தெரிந்தது அவன் முகம். மனைவியின் குரல் தெரியாது. நாளைக்கு வருகிறேன் என்பார்கள், நாளை மறுநாள் என்பார்கள். பெயின்டருக்கு மஞ்சள் காமாலை வந்து, இனி கொடுக்கவே கூடாது என்றுவிட்டார்கள். அங்கிருந்து அவனே கூப்பிட்டால், தெரியாத வெளிநாட்டு நம்பரென்று பாதிப் பேர் எடுக்கவில்லை. மூன்று வாரம் நான்காயிற்று, பிறகு ஆறாயிற்று. ரத்தம் குறைந்த உடம்புக்காக இதயம் இரண்டு மடங்கு உழைத்தது. ஏற்கெனவே இரும்பு படிந்த இதயம் அது.

மனைவி இதையெல்லாம் அவனிடம் முழுதாகச் சொல்லவில்லை. அவன் தூரத்தில் கிடந்து என்ன செய்வான் என்று நினைத்தாள். இரண்டாம் வருடம் ஒருநாள் வீடியோவில், வாண்டு மாடி வீட்டுக்கு ஏறாமல் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்து பேசுவதைக் கவனித்தான். ஏன் மேலே போகவில்லை என்று கேட்டதற்கு, படி நிறைய இருக்கிறது என்றாள். மொத்தமே பதினாறு படி. பத்தாவது நாள் மனைவி கூப்பிட்டு, "வாங்க" என்றாள். 

அவன் வந்து சேர்ந்தபிறகு வாண்டு நான்கு நாள் இருந்தாள். மூக்கில் குழாய், வீங்கிய கால். மூன்றாம் நாள் காலை அவன் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள்.

"அங்கே எப்பவும் ரத்தம் இருக்குமாப்பா?"

"இருக்கும்டா."

"அப்போ நீ அங்கேயே இரு. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா யார்கிட்டயும் கேட்க வேணாம்."

அவன் தலையை மட்டும் ஆட்டினான். மறுநாள் பிற்பகல், நர்ஸ் மருந்து பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்தபோதே எல்லாம் அடங்கிவிட்டது.

அதன்பிறகு இருவரும் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் போல இருந்தார்கள். அந்தப் படிவத்தைப் பற்றி மனைவி ஒருநாள் கேட்பாள் என்று அவன் காத்திருந்தான். அவள் கேட்கவே இல்லை. கடைசியில் அவன்தான் வாயைத் திறந்தான்.

"அன்னைக்கு நான் இல்லைன்னு எழுதியிருக்கணும்."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எழுதியிருந்தாலும் கண்டுபிடிச்சிருப்பாங்க" என்றாள். இன்னும் இரண்டு துணி மடித்தபின், "கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்களோன்னும் தோணுதுங்க. அந்த நினைப்பை என்ன பண்றதுன்னுதான் எனக்குத் தெரியலை" என்றாள்.

அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவனும் மடிக்க ஆரம்பித்தான். மகள் போன நாளிலிருந்து அன்றைக்குத்தான் இருவரும் சேர்ந்து அழுதார்கள்.

அந்த மாதக் கடைசியில் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. துக்கம் விசாரித்து இரண்டு வரி. அவன் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, மனைவியையும் அழைத்து வரலாம், அவர்கள் இருவருக்கும் தடையில்லை. நல்ல ஆஸ்பத்திரி, நல்ல காற்று, இருவருக்கும் மருத்துவச் செலவு கம்பெனி பொறுப்பு. அவன் படித்துக் காட்டினான்.

"நமக்கு எதுக்குங்க அத்தனை ஆயுசு?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கடையில் வேண்டாத சாமானை வேண்டாம் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

வர இயலாது என்று அவன் நான்கு வரி பதில் எழுதினான். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துப் பார்த்து, இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தாள். அவன் அனுப்பினான்.