மாமனார் வண்டியின் சைலன்சர்

மாமனாருக்கு வலது கையும் வலது காலும் பேச்சும் ஒரே காலையில் போயின. குளியலறையிலிருந்து அவரைத் தூக்கி வந்தது மருமகன்தான். "கண்ணு, காது, மூளை எல்லாம் நல்லா இருக்கு. வாய்தான் வராது" என்றார் டாக்டர். மகள் அழுதாள். மருமகனுக்கு முதலில் தோன்றியது வேறு. இனி தன்னை யாரும் ஸ்டெப்னி என்று கூப்பிட முடியாது.

கல்யாணமாகி வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த முதல் வாரமே மாமனார் வைத்த பெயர் அது. விருந்தாளிகளிடம் அறிமுகமே அப்படித்தான். "இவர் நம்ம வீட்டு ஸ்டெப்னி. டிக்கியிலயே கிடப்பாரு. பஞ்சர் ஆனா எடுக்கலாம்னு வெச்சிருக்கேன். இன்னும் பஞ்சரே ஆகல!" வந்தவர்கள் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். ஒரு தடவை சிரிக்காமல் இருந்தபோது, "பாருங்க, காத்து இறங்கிடுச்சு" என்றார்.

ஷெட்டில் நின்ற பழைய பச்சைக் கார்தான் மாமனாரின் உயிர். மருமகனைக் கழுவ விடுவாரே தவிர ஓட்ட விட்டதில்லை. இப்போது சாவி கேட்பாரற்று ஆணியில் தொங்கியது. எடுத்துக்கொண்டான்.

ஊரில் பழைய கார் சங்கம் ஒன்று உண்டு. வருடாந்திரக் கண்காட்சியில் வண்டியை நிறுத்த ஆசைப்பட்டான். சங்கத்தில் ஒரு விதி இருந்தது. கம்பெனியிலிருந்து வண்டியோடு வராத பாகம் எதுவாக இருந்தாலும், அது யார் செய்தது என்று சொந்தக்காரர் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்து நல்ல பாகம் என்றால் பெருமை. தெரியாது என்றால் இடம் கிடையாது.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான். சைலன்சர்தான் உதைத்தது. வண்டியோடு வந்த கம்பெனிப் புத்தகத்துப் படத்தில் நீளமாக, ஒல்லியாக இருந்தது. இதுவோ குட்டையாக, தின்று கொழுத்ததுபோல் முட்டை வடிவத்தில் இருந்தது. மூடித் தகட்டின் துருவுக்கு நடுவே ஓர் அரைவட்டமும், அதற்குள் கூராக ஏதோ ஒன்றும் அச்சுக் குத்தியிருந்தன. பந்தயக் கார்களுக்கு சைலன்சர் செய்த பழைய கம்பெனிகளின் படங்களைத் தேடி எடுத்தான். எதன் முத்திரை என்று பிடிபடவில்லை. மாட்டியவரைத்தான் கேட்க வேண்டும்.

"மாமா, படத்தை ஒவ்வொண்ணா காட்டுறேன். இதுதான்னா விரலைத் தூக்குங்க."

இடது கை விரல் நன்றாகவே வேலை செய்தது. மகள் "போதுமாப்பா?" என்று கேட்டால் தூக்குவார். மருமகனுக்கு அது அசையவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சக்கர நாற்காலியைத் தகரக் கூரை ஷெட்டுக்குள் தள்ளி வந்து, உச்சி வெயில் ஏறும்வரை நிறுத்தினான். "சொன்னாத்தான் உள்ள." வேர்வை கண்ணில் இறங்கியது. மாமனார் இடது கையால் துடைக்கப் போனார். அந்தக் கையை நாற்காலிப் பிடியோடு சேர்த்து அமுக்கினான். "இது பதில் சொல்றதுக்கு மட்டும்."

"அப்பா முகம் ஏன் இப்படிச் சிவந்திருக்கு?" என்று மனைவி கேட்டாள்.

"காத்தாட உட்கார வெச்சேன்."

அந்த வாரம் முழுக்கக் காத்தாட உட்கார்ந்தார். கடைசியில் ஒரு படத்துக்கு விரல் எழுந்தது. பிறைக்குள் அம்பு முத்திரை போட்ட பந்தய சைலன்சர். திரும்பக் கேட்டான். திரும்பவும் எழுந்தது. மருமகன் தன் கையாலேயே அவருக்குத் தண்ணீர் புகட்டினான்.

கண்காட்சிக்கு மாமனாரையும் மனைவியையும் கூட்டிப்போனான். கூட்டம் சுற்றி நிற்க, பிறையையும் அம்பையும் பற்றி விலாவாரியாகப் பேசினான். சங்கத்தின் சார்பில் வண்டிகளைச் சோதிக்கும் அம்மாள் பாயை விரித்து அடியில் போனார். டார்ச் வெளிச்சம் அங்குமிங்கும் நகர்ந்தது. விரல் முட்டியால் தட்டும் சத்தம் கேட்டது.

"பந்தய சைலன்சருக்குள்ள பஞ்சு அடைச்சிருப்பாங்க. தட்டினா மொத்துனு இருக்கும். இது டங்குனு கேக்குது, உள்ள வெறும் அறை" என்றார் அடியிலிருந்தே. "வாயும் சின்னது. காருக்குப் பொருந்தணும்னு தகரத்தைச் சுத்தி ஒட்டுப் போட்டிருக்காங்க." வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். "அரைவட்டத்துக்குள்ள இருக்கிறது அம்பு இல்ல, தண்ணித் துளி. இது பம்ப்செட்டு சைலன்சர் சார்."

"கிணத்துப் பக்கம் நிறுத்துங்க சார், தண்ணி இறைக்கும்!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அப்போதுதான் நாற்காலியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. மாமனாரின் இடது பக்க உதடு மட்டும் மேலே ஏறியிருந்தது. தொண்டைக்குள் கறகறவென்று ஏதோ உருண்டது.

"அப்பா சிரிக்கிறாரு! என்னங்க, அப்பா சிரிக்கிறாரு!" மனைவி சந்தோஷத்தில் அழுதாள். முன்பின் தெரியாதவர்கள்கூடக் கைதட்டினார்கள். மருமகனும் தட்டினான்.

மறுநாள் மனைவி கடைக்குப் போனதும் சைலன்சரைக் கழற்றினான். மாமனாரைத் தள்ளி வந்து, வலது காது புகைக்குழாயின் பக்கம் இருக்கும்படி நிறுத்தி, சக்கரத்தைப் பூட்டினான். ஷெட்டின் கதவை விரியத் திறந்துவைத்தான். கொல்லும் எண்ணமெல்லாம் அவனுக்கு இல்லை. வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினான்.

சைலன்சர் இல்லாத இஞ்சின் தகரத்தைக் கிழிப்பதுபோல் கத்தியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடி கண்ணாடியில் பார்த்தான். மாமனார் இடது கையால் இடது காதைப் பொத்தினார். அப்புறம் அதை எடுத்து, மார்புக்குக் குறுக்கே வலது காதுக்கு நீட்டினார். முதுமையில் இறுகிய தோள் வளையாமல் எட்டவில்லை. திரும்ப நீட்டினார். மருமகன் இன்னும் அழுத்தி மிதித்தான்.

தெருமுனையிலேயே சத்தம் கேட்டு மனைவி ஓடி வந்தாள். ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியைப் பிடுங்கினாள்.

"அவருதான் பொய் சொன்னாரு. வேணும்னே!" என்றான்.

"அந்த சைலன்சரை மாட்டினப்ப டார்ச் பிடிச்சதே நான்தான். பழசு ரோட்டுல கழண்டு விழுந்துடுச்சு. சித்தப்பா தோட்டத்துப் பம்ப்செட்டுல இருந்து அப்பாதான் கழட்டி மாட்டினாரு. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. அவள் நாற்காலியின் பூட்டை எடுத்துவிட்டு அப்பாவின் பக்கம் குனிந்தாள். "நீங்களும் ஒண்ணும் உத்தமர் இல்லப்பா." அவர் அவள் வாயையே பார்த்தார். அவள் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை.

இடது காது சில நாளில் தேறியது. வலது காது திரும்பவில்லை. "வயசாச்சும்மா, இப்படியும் ஆகும்" என்றார் டாக்டர். "யாராவது தினமும் பக்கத்துல உட்கார்ந்து பேச்சுக் கொடுங்க. பேச்சு திரும்ப வாய்ப்பிருக்கு." காது எப்படிப் போனதென்று அவள் மூச்சு விடவில்லை.

அன்று சாயங்காலம் ஜன்னலோரம் இரண்டு நாற்காலிகளைப் போட்டாள். இடது பக்கம் அவள் உட்கார்ந்தாள். வலது பக்கத்தைக் கணவனுக்குக் காட்டினாள்.

"பேசுங்க."

"அந்தப் பக்கம் அவருக்குக் கேக்காதே."

"தெரியும். உட்காருங்க."

உட்கார்ந்தான். அன்றிலிருந்து தினமும் உட்கார வைத்தாள். சில நாள் மன்னிப்புக் கேட்டான். சில நாள் வாய்க்கு வந்தபடி திட்டினான். மாமனார் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி மறுபக்கம் கீரை ஆய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.